கடைமடை வரை குறையாத மின்சாரம்

அஞ்சுகிராமத்திலிருந்து வடக்கே சென்றால் முப்பந்தல்; ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் சுழலும் காற்றாலைகள் அங்கே வரிசை வரிசையாய் நிற்கின்றன. கிழக்கே ஏறத்தாழ பத்து மைல் தொலைவில் கூடங்குளம். அங்கே 1,000 மெகாவாட் திறனுள்ள அணு உலைகள் இரண்டு, முறையே 2014-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2017-ஆம் ஆண்டிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. இவ்விரண்டுக்கும் இடையே வாழும் நமக்கு, மின்சாரம் எங்கே பிறக்கிறது என்பது தெரியும். அது எவ்வாறு பயணம் செய்கிறது, அப்பயணத்துக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதை மட்டும் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பேச்சிப்பாறை அணையில் திறந்துவிடும் தண்ணீர் முழுவதும் கடைமடை வயலுக்கு வந்து சேருவதில்லை. வழியில் கசிகிறது, வெயிலில் ஆவியாகிறது. மின்சாரமும் அப்படியே. செம்பானாலும் அலுமினியமானாலும், கம்பிக்கு மின்தடை என்றொரு குணம் உண்டு. மின்னோட்டம் பாயும்போது கம்பி சூடேறுகிறது. அந்தச் சூடு எவருடைய வீட்டு விளக்கையும் ஏற்றாது. வீணே காற்றில் கலந்துவிடும்.

இதற்கு மின்பொறியாளர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு வழி கண்டனர். மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே அளவு மின்சக்தியை அனுப்ப மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு போதும்; அதே கம்பியில் ஏற்படும் இழப்போ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவேதான் கூடங்குளத்து மின்சாரம் 4,00,000 வோல்ட்டுக்கு உயர்த்தப்பட்டு வெளியே செல்கிறது.

நிலம் கொடுக்கும் விலை

உயர்ந்த அழுத்தத்துக்கு உயர்ந்த கோபுரங்கள் வேண்டும். மத்திய மின்துறையின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இத்தகைய பாதைக்கு 46 மீட்டர் அகலத்தை வகுத்தது. அந்த அகலத்துக்குள் நெல் விளையலாம். தென்னையை வளரவிட இயலாது. கோபுரம் ஊன்றிய இடத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடும், கம்பி செல்லும் பாதைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் இழப்பீடு என்பது அப்போதைய ஏற்பாடு. 2024-ஆம் ஆண்டின் புதிய வழிகாட்டுதல் இவற்றை முறையே 200, 30 விழுக்காடாக உயர்த்தியது. நாட்டுக்கு ஒளி தரும் பாதையின் பாரத்தைச் சில குடும்பங்களின் நிலம் தனியே சுமக்கிறது என்ற உண்மை இதனால் ஓரளவேனும் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்ததும் இதற்குச் சான்று. கூடங்குளத்தின் மின்சாரத்தை அங்கே கொண்டு செல்லத் திட்டமிட்ட இடமண்–கொச்சிப் பாதை, நில உரிமையாளர்களின் எதிர்ப்பினால் பல்லாண்டுகள் தாமதமாகி 2019-ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. பின்னர் 2021-ஆம் ஆண்டில், புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் கொண்டு செல்லும் நேர்மின்னோட்டப் பாதை தொடங்கப்பட்டது. கேரளத்துக்குள் அதன் ஒரு பகுதியைக் கோபுரங்களில் ஏற்றாது, கேபிளாக மண்ணுக்குள்ளேயே புதைத்தனர். ஆனால் சாதாரணக் கேபிளிலும் சூடும் இழப்பும் உண்டு. மண்ணுக்குள் அச்சூடு எளிதில் வெளியேறாது. எனவே ஒரு கேபிள் சுமக்கும் மின்சாரத்துக்கும் எல்லை உண்டு.

தடையே இல்லாத கம்பி

மின்தடையே இல்லாத கம்பி கிடைத்தால்? 1911-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமெர்லிங் ஓனஸ் என்னும் விஞ்ஞானி, பாதரசத்தை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை அறவே மறைந்ததைக் கண்டார். இத்தகைய பொருள்களை மீக்கடத்திகள் என்கிறோம். ஆயினும் அந்தக் குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும். அது அரியது, விலை மிக்கது.

1986-ஆம் ஆண்டில் பெட்னோர்ஸ், முல்லர் என்னும் இருவர் ஒருவகைப் பீங்கான் பொருளில் முன்னிலும் உயர்ந்த வெப்பநிலையில் இக்குணத்தைக் கண்டனர். மறு ஆண்டே நோபல் பரிசு பெற்றனர். அவ்வாண்டிலேயே, திரவ நைட்ரஜனின் குளிரான மைனஸ் 196 டிகிரியிலேயே மீக்கடத்தியாகும் பொருளும் கண்டறியப்பட்டது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே என்பதால், இதற்குப் பஞ்சமில்லை.

இப்பொருளை மெல்லிய நாடாவாக்கிக் கேபிளுக்குள் சுற்றி, திரவ நைட்ரஜனை ஓடவிட்டு, வெளிச்சூடு புகாதபடி வெற்றிடம் கொண்ட இரட்டைச் சுவர்க் குழாய்க்குள் வைக்கின்றனர். ஜெர்மனியின் எசன் நகரில் 2014-ஆம் ஆண்டில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இவ்வாறு பதித்தனர். 10,000 வோல்ட் அழுத்தத்திலேயே 40 மெகாவாட் சுமக்க வல்லதாயிருந்தது அது. சாதாரணக் கேபிளானால் அதற்கு 1,10,000 வோல்ட் அழுத்தம் தேவைப்பட்டிருக்கும். தென்கொரியாவில் 2019-லும், ஷாங்காய் நகரில் 2021-லும் இத்தகைய கேபிள்கள் இயங்கத் தொடங்கின. நம் நாட்டில், கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் மீக்கடத்திகளைக் கொண்டு நுண்ணிய காந்த அளவிகளை உருவாக்கியுள்ளனர்.

குளிரின் செலவு

இனி முப்பந்தலுக்கும் இது வந்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. மீக்கடத்தி இழப்பை நீக்குகிறது, செலவை நீக்குவதில்லை. அக்குளிரில் ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற, வெளியே பத்து முதல் இருபது வாட் வரை மின்சாரம் செலவாகும். மின்சாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் குளிரைக் காத்தே ஆகவேண்டும். நம் காற்றாலைகளோ தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையில்தான் முழுவீச்சில் சுழல்கின்றன. காற்று ஓய்ந்த மாதங்களிலும் அக்கேபிளை உறைகுளிரில் வைத்திருக்க வேண்டும். வெறுங்கால்வாய்க்குக் காவலாள் வைத்துக் கூலி கொடுப்பது போன்றது அது. தொலைவு கூடக்கூடக் குளிரூட்டும் நிலையங்களும் கூட வேண்டும். குளிர் தவறினால் மின்தடை மீண்டும் தலைதூக்கும். எனவே, ஆண்டு முழுவதும் மிகுந்த மின்சாரம் தேவைப்படும், ஆனால் தோண்ட இடமில்லாத பெருநகரங்களே இதற்கு ஏற்றவை. நெடுந்தொலைவுக்குக் கோபுரங்களே இன்னும் பல்லாண்டுகள் நம் வயல்களைக் கடந்து செல்லும்.

ஆகவே, விஞ்ஞானம் ஒருநாள் கோபுரங்களை அகற்றிவிடும் என்று கைகட்டிக் காத்திருப்பது முறையன்று. இன்று கோபுரத்துக்கு நிலம் கொடுக்கும் குடும்பத்துக்கு உரிய மதிப்பு உரிய காலத்தில் கிட்டுகிறதா என்று கேட்பதே நம் கடமை. கடைமடைக்காரன் தண்ணீர் வரவில்லை என்று கேட்பது போலவே, வாய்க்கால் யாருடைய நிலத்தைக் கடந்து வந்தது என்றும் அவன் அறிந்திருக்க வேண்டும். இன்றிரவு வீட்டில் விளக்கை ஏற்றும்போது, அந்த ஒளி கடந்து வந்த தோட்டங்களையும் நாம் சற்றே நினைத்துக்கொள்வோம்.