பல கை பட்ட பொம்மை

நவராத்திரி நெருங்கினால் பெங்களூரில் மல்லேஸ்வரம், ஜெயநகர் பக்கத்துக் கடைத்தெருக்களில் கொலு பொம்மைகள் வந்து இறங்கிவிடும். களிமண், காகிதக்கூழ், சன்னபட்னத்து மரப் பொம்மைகள் என்று எல்லாம் கிடைக்கும். துணி பொம்மை மட்டும் தேடித்தான் பார்க்க வேண்டும். அது கடைச் சரக்கு அல்ல, வீட்டுச் சரக்கு. அல்சூரில் எங்கள் வீட்டில் வருடா வருடம் துணி பொம்மை செய்கிறோம். ஒரு பொம்மையை ஒருவரே செய்து முடிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் வெட்டித் தைப்பேன், பிள்ளைகள் பஞ்சு அடைப்பார்கள், மருமகள் முகம் போடுவாள், என் பெரிய நாத்தனார் தலைமுடி வைத்துப் பின்னல் போடுவார். மகனுக்குத் தையல் வராது. ஆனால் கம்பளி நூலைச் சிக்கெடுப்பதில் அவனுக்கு இணை யாரும் இல்லை.

இந்த ஊருக்குப் பொம்மை புதிதல்ல. கன்னடக்காரர்கள் கொலுவில் 'பட்டத கொம்பெ' என்று ராஜா ராணி ஜோடி ஒன்று நிற்கும். மகளைக் கட்டிக்கொடுக்கும்போது தாய்வீட்டார் மரப் பொம்மை ஜோடி கொடுத்தனுப்புவது மைசூர்ப் பக்கத்து வழக்கம். நம் மரப்பாச்சியும் அதே சாதிதான். இரண்டுக்கும் வருடத்துக்கு ஒருமுறை புது உடுப்புப் போட வேண்டும். என் வயதுப் பெண்கள் பலர் முதன்முதலில் ஊசியில் நூல் கோத்ததே மரப்பாச்சிக்குப் பாவாடை தைக்கத்தான். யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அத்தையோ சித்தியோ ரவிக்கைத் துண்டைக் கையில் கொடுத்து, "கொசுவம் வைடி" என்று சொல்வார்கள். அப்படித்தான் கைவேலை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போனது.

செய்முறைக்கு வருவோம். உடம்புக்குக் காடாத் துணி நல்லது. இல்லையென்றால் பல முறை துவைத்த பருத்திப் புடவை. துவைத்துத் துவைத்துச் சுருங்க வேண்டிய அளவு சுருங்கியிருக்கும், அதனால் பொம்மை பிறகு கோணிக்கொள்ளாது. உடுப்புக்குத் தையற்கடையில் மிஞ்சும் டூ பை டூ ரவிக்கைத் துண்டுகளே போதும். தெரிந்த தையற்காரரிடம் சொல்லி வைத்தால் ஒரு பை நிறைய எடுத்து வைப்பார். பெங்களூர் ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பேர்போன ஊர், இங்கே வெட்டுத் துணிக்கா பஞ்சம்? சிக்பேட்டைக்குப் போய்ப் புதுத்துணி வாங்குவது தேவையே இல்லாத செலவு.

துணியை இரண்டாக மடித்து, மேலே பென்சிலால் உருவம் வரையுங்கள். எங்கள் பொம்மை தலை முதல் கால்வரை 10 அங்குலம். புதிதாகச் செய்கிறவர்கள் வெட்டிவிட்டுத் தைப்பார்கள். சிறிய பொம்மைக்கு அது சரிவராது. கோட்டின்மேல் முதலில் தைத்துவிட்டு, கால் அங்குலம் தள்ளி வெட்டுங்கள். ஓட்டுத் தையல் போட்டால் பஞ்சு அடைக்கும்போது பிரிந்துவிடும், கெட்டித் தையல் போடுங்கள். விலாவில் இரண்டு விரல் நுழையும் அளவு தைக்காமல் விடுங்கள். அடுத்ததாக ஒரு வேலை இருக்கிறது, பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கழுத்து வளைவிலும் அக்குளிலும் கத்தரி நுனியால் தையலைத் தொடாமல் சின்னச் சின்ன வெட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தைக்காமல் விட்ட வாய் வழியாக உள்பக்கத்தை வெளியே திருப்பும்போது அந்த இடங்களில் துணி சுருக்கம் விழுந்து, பொம்மைக்குக் கழுத்தே இல்லாதது போலாகிவிடும். கை கால்களைத் திருப்பப் பென்சிலின் சீவாத முனை போதும்.

பஞ்சில் இரண்டு கட்சி உண்டு. இலவம் பஞ்சு மெத்தென்று இருக்கும், தொட்டாலே சுகம். ஆனால் துவைத்தால் கட்டி தட்டிவிடும். குழந்தை கடித்து, இழுத்து, சோற்றில் புரட்டி விளையாடும் பொம்மை என்றால் கடையில் 'ரெக்ரான்' என்று கேட்டு வாங்கும் பாலியெஸ்டர் பஞ்சுதான் என் தேர்வு. கொலுவில் வைப்பதற்கு இலவம் பஞ்சு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். "கொத்தாத் திணிக்காதடா கண்ணா, கிள்ளிக் கிள்ளி வை" என்று நாத்தனார் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். முதலில் கை நுனி, கால் நுனி, பிறகு தலை, கடைசியில் வயிறு. கழுத்தில் மட்டும் துணியை இறுக்கச் சுருட்டிச் செருகினால் தலை தொங்காது. விட்ட வாயை நூல் வெளியே தெரியாமல் மூடித் தைத்துவிட்டால் உடம்பு தயார்.

முகம்தான் உயிர். பெரும்பாலோர் கண்ணை நெற்றிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். குழந்தை முகத்தைக் கவனித்துப் பாருங்கள், நெற்றி பெரிது, கண் பாதிக்கும் கீழே. பொம்மைக்கும் முகத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே கண் வைத்தால் உடனே குழந்தைக்களை வந்துவிடும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு என்றால் பித்தானும் மணியும் கூடவே கூடாது. பிடுங்கி வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கண்ணை நூலால்தான் போட வேண்டும். போன தடவை என் பேத்தி, "பாட்டி, இவளுக்கு மூக்குத்தி வேணும், ஆனா மூக்கு வேணாம்" என்றாள். சிவப்பு நூலில் ஒரு முடிச்சுப் போட்டோம். அந்த வருடத்துப் பொம்மைகளில் அதுதான் அழகு.

நான்கு வயதுக் குழந்தைக்கு ஊசி தர முடியாது. ஒரு கைக்குட்டையின் நடுவில் பஞ்சு உருண்டை வைத்து நூலால் கட்டச் சொல்லுங்கள், தலை வந்துவிடும். இரு பக்க முனைகளில் முடிச்சுப் போட்டால் கை. அவ்வளவுதான், அதற்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

இப்படிக் கந்தலில் பொம்மை செய்வது மனிதருக்கு மிகப் பழைய பழக்கம். எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த ரோமானியர் காலத்துத் துணி பொம்மை ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. முரட்டு லினன் துணியில் தைத்து, உள்ளே கந்தலும் பாப்பிரஸ் துண்டுகளும் அடைத்த பொம்மை. முதல் நூற்றாண்டுக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்கிறார்கள். நம் பக்கத்தில் மண்ணோடும் வெயிலோடும் கரையானோடும் போராடி அத்தனை காலம் எந்தத் துணி நிற்கும்? அதனால் நம் பாட்டிகள் செய்ததற்குச் சாட்சி மிஞ்சவில்லை.

துயரத்திலிருந்து ஊரையே கைதூக்கிவிட்ட துணி பொம்மைகளும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்த பிறகு, ஆரோவில்லில் 'உபாசனா' என்ற ஆடை வடிவமைப்பு நிலையம் நடத்தும் உமா பிரஜாபதி, கடலோரக் கிராமத்துப் பெண்களுக்கு மிச்சத் துணியில் விரலளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். சுனாமிகா என்று பெயர். கடலைப் பார்க்கவே நடுங்கியவர்களுக்குக் கையில் ஒரு வேலையும் கொஞ்சம் கூலியும் கிடைத்தன. அந்தப் பொம்மைக்கு விலை கிடையாது, பரிசாகத்தான் கொடுப்பார்கள். விருப்பமுள்ளவர்கள் நன்கொடை தரலாம். அப்படியே அது பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

2018 ஆகஸ்டில் கேரள வெள்ளம் வந்தபோது எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் நெசவாளர்கள் ஓணத்துக்காக நெய்து வைத்திருந்த துணியெல்லாம் சேற்றில் மூழ்கியது. லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இருவர் அந்தப் புடவைகளைச் சுத்தம் செய்து 'சேக்குட்டி' பொம்மைகளாக்கும் யோசனையைக் கொண்டுவந்தார்கள். ஒரு புடவையில் 360 பொம்மை, ஒரு பொம்மை அப்போது 25 ரூபாய். குப்பைக்குப் போகவிருந்த புடவைக்கு 9000 ரூபாய். ஊர் ஊராக முன்பின் தெரியாதவர்கள் கூடி உட்கார்ந்து அந்தப் பொம்மைகளைச் செய்து கொடுத்தார்கள். பெங்களூரிலிருந்து நீலகிரிக்குக் குடிபெயர்ந்த சுகாஸ் ராமேகவுடா, சுனிதா தம்பதியும் அங்குள்ள பெண்களைக் கொண்டு மிச்சத் துணியில் பொம்மை செய்விக்கிறார்கள்.

விற்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருட்களுக்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவை முதலில் செய்துகொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் விற்பதில்லை. கொலுவுக்கு வரும் குழந்தைகளுக்கு வெற்றிலைப் பாக்கு, சுண்டலோடு ஒரு பொம்மை. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பெண்மணி போன வருடம் பொம்மையை வாங்கிக்கொண்டு போனவர், இந்த வருடம் தன் மாமியாரின் பழைய இளக்கல் புடவைத் துண்டோடு வந்து எங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

பழைய புடவையை எவர்சில்வர் பாத்திரத்துக்குப் போடும் முன், அதிலிருந்து ஒரு முழம் மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம் வீட்டிலுள்ள எல்லோரையும் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.