விவசாயிகள் சங்கமும் அதன் உபகமிட்டிகளும்

விவசாயிகள் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பதால் விளையும் அனுகூலங்களைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. சங்கம் ஏற்பட்ட பின்னர் எந்தக் காரியத்தை முதலில் எடுத்துக்கொள்வது, அதை யார் பொறுப்பில் விடுவது என்னும் இரண்டு கேள்விகளுக்குத் தக்க விடை காண்பதே அரிதாயிருக்கிறது. பதிவு செய்யும்பொழுது விதை, உரம், யந்திரம், கிடங்கு, ஆலை, ஏற்றுமதி என்று இருபது நோக்கங்கள் எழுதப்படுகின்றன. எழுதி வைப்பதில் பிழையில்லை; பிற்காலத்தில் விதிகளைத் திருத்தும் சிரமம் மிச்சமாகும். ஆனால் அவ்விருபதையும் முதல் வருஷத்திலேயே தொடங்கும் சங்கம், அங்கத்தினர் வயிற்றைக் கட்டிச் செலுத்திய பங்குத் தொகையைப் பல வழிகளிற் சிதறவிட்டு, ஒன்றையும் முடிக்காமல் நின்றுவிடுகிறது.

மத்திய சர்க்கார் 2020-ம் வருஷத்தில் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், சமவெளியில் குறைந்தது 300 அங்கத்தினரும் மலைப்பிரதேசங்களில் 100 அங்கத்தினரும் சேர வேண்டுமென விதிக்கப்பட்டது. நிர்வாகச் செலவிற்காக மூன்று வருஷங்களுக்கு 18 லட்சம் ரூபாய் வரை உதவியும் வகுக்கப்பட்டது. மூன்று வருஷம் என்பது நீண்ட காலமன்று. அதற்குள் அங்கத்தினர் கண்கூடாக லாபம் காணும் காரியம் ஒன்றேனும் நிலைபெறாவிடில், உதவி நின்றதும் சங்கத்தின் கதவும் அடைபடும்.

இவ்விஷயத்தில் குஜராத்தின் கைரா ஜில்லாப் பால் உற்பத்தியாளர் காட்டிய வழி கவனிக்கத்தக்கது. பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை முழுவதும் ஒரு தனியார் கம்பெனியிடம் இருந்ததால் தங்களுக்கு உரிய விலை கிடைக்கவில்லையென்று, 1946-ல் அவர்கள் பதினைந்து நாட்கள் பால் கொடாமல் நிறுத்தினர். அவ்வருஷம் டிசம்பர் மாதத்தில் அவர்களது யூனியன் பதிவாயிற்று. தொடக்கத்தில் அதில் இருந்தவை இரண்டு கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சேர்ந்த பால் சுமார் 250 லிட்டர். பாலைச் சரியாக அளந்து சேர்த்துத் தாங்களே நேராக விற்பது என்னும் ஒரே காரியத்தையே அவர்கள் முதலில் மேற்கொண்டனர். பனிக்காலத்தில் எருமைப் பால் மிகுந்து, கொள்வாரின்றித் தேங்கியபொழுதுதான் பால் பவுடர் ஆலை அவசியமாயிற்று. அது 1955-ல் ஆனந்தில் திறக்கப்பட்டது. மாட்டுத்தீவனத் தொழிற்சாலை 1964-ல் வந்தது. ஒரு காரியம் வேரூன்றி, அதிலிருந்தே அடுத்த தேவை பிறந்த பிறகு அதில் இறங்கினர். ஆலையை முதலில் கட்டிவிட்டுப் பாலைத் தேடிப் போகவில்லை.

நம் பக்கத்தில் நிலக்கடலை பயிரிடுவோர் சங்கம் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். பொதுச்சபையில் அங்கத்தினரைக் கேட்டால் பெரும்பாலோர் எண்ணெய் ஆலை வேண்டுமென்பர். ஆலை கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழாவும் நடத்தலாம். ஆனால் நல்ல விதை இல்லாமையால் ஒவ்வொரு பட்டத்திலும் அடையும் நஷ்டம் அவ்வாறு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு விதையாக வேண்டும். 300 பேர் ஆளுக்கு ஓர் ஏக்கர் விதைத்தாலும் 15,000 கிலோ ஆகிறது. நெல்லைப்போல் கடலை விதை விரைவில் பெருகுவதன்று; நல்ல விளைச்சலுள்ள ஓர் ஏக்கரின் மகசூல் ஏறக்குறைய பத்து ஏக்கருக்கே விதையாகும். தனி ஒருவர் ஆதார விதை வாங்கிப் பெருக்கிக் காத்து வைப்பது கடினம். முப்பது ஏக்கரில் விதைப்பண்ணை வைத்து முன்னூறு ஏக்கருக்கு விதை கொடுப்பது சங்கத்திற்கு இயலும். பெரும்பாலோரைத் தொடும் நஷ்டம் எது, அதில் தனித்து நின்று செய்ய முடியாதது எது, வரும் பட்டத்திற்குள் இருக்கும் பணத்தையும் ஆட்களையும் கொண்டு முடிக்கக்கூடியது எது என்று இவ்வாறு சலித்துப் பார்த்தால், விதையும், ஜிப்சத்தை மொத்தமாக வாங்குவதும், சரியான எடையில் விற்பதும் முன்னே நிற்கும். ஆலை பின்னுக்குப் போகும். அதை விரும்பியவர்களுக்கு மனவருத்தம் உண்டாகாதபடி, எத்தனை மூட்டை ஒழுங்காகச் சேர்ந்த பின் ஆலையைப் பற்றி யோசிப்பது என்பதைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிடுவது நலம்.

தேர்ந்தெடுத்த காரியம் ஒவ்வொன்றிற்கும் ஐந்து பேருக்கு மேற்படாத உபகமிட்டி ஒன்று போதும். செல்வாக்குள்ளவர்களின் பெயர்களையே எல்லாக் கமிட்டிகளிலும் திரும்பத் திரும்ப எழுதும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் ஒன்றிற்கும் வருவதில்லை. விதைக் கமிட்டியில், கடலை ஆய்ந்து பொறுக்கிப் பழகிய பெண்மணி ஒருவர் இருப்பது எந்தப் பிரமுகரின் பெயரையும்விட உபயோகமானது. எடைக் கமிட்டியில், கடலை வியாபாரமும் செய்யும் அங்கத்தினர் இருத்தல் கூடாது.

உற்பத்தியாளர் கம்பெனியாகப் பதிவான சங்கங்கள் சட்டத்தின் ஒரு விதியை முக்கியமாக அறிந்திருக்க வேண்டும். டைரக்டர் சபை எத்தனை கமிட்டிகளை வேண்டுமானாலும் அமைக்கலாம். ஆனால் தன் அதிகாரத்தையோ தலைமை நிர்வாக அதிகாரியின் அதிகாரத்தையோ கமிட்டிக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. சபையின் சம்மதத்தோடு வெளியாரையும் கமிட்டியிற் சேர்க்கலாம். தலைமை நிர்வாக அதிகாரியோ ஒரு டைரக்டரோ அதில் அங்கத்தினராக இருக்க வேண்டும். கமிட்டியின் காலவரையறையைச் சபையே விதிக்கும். கமிட்டி ஒவ்வொரு முறை கூடியபொழுதும் எழுதிய நடவடிக்கைக் குறிப்பு, சபையின் அடுத்த கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும். ஆகவே கமிட்டி விசாரிக்கலாம், பார்வையிடலாம், சிபாரிசு செய்யலாம். ஒப்பந்தத்திற் கையொப்பமிட முடியாது.

இதனால் நேரும் ஓர் இடைஞ்சலைச் சொல்லவேண்டும். டைரக்டர் சபை மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட வேண்டுமென்பது சட்டம். அநேக சபைகள் அதற்கு மேல் கூடுவதில்லை. பயிரோ சபைக்காகக் காத்திராது. ஏக்கருக்கு 160 கிலோ வீதம் ஜிப்சம் இட்டு மண் அணைக்கவேண்டிய பருவம் விதைத்த நாற்பது, நாற்பத்தைந்து நாட்களில் வந்துவிடும். அப்பொழுது கமிட்டி விலை விசாரித்துச் சிபாரிசு எழுதி, சபை கூடி ஒப்புக்கொள்வதற்குள் காய் பிடித்துவிடும். ஆதலால் விதைப்பிற்கு முந்திய கூட்டத்திலேயே வாங்கவேண்டிய அளவையும் அதிகபட்ச விலையையும் சபை தீர்மானித்து, அதற்குட்பட்டு வாங்கும் பொறுப்பைத் தலைமை நிர்வாக அதிகாரிக்கு விட்டுவிட வேண்டும். கமிட்டியின் வேலை, வந்திறங்கும் சரக்கின் எடையையும் தரத்தையும் பார்த்து எழுதுவதாகும்.

மார்கழிப் பட்டத்துக் கடலையிலிருந்து ஆடிப் பட்டத்திற்கு விதை எடுக்க எண்ணும் சங்கம், விதைக் கமிட்டியைத் தை மாதத்திலேயே நியமிக்க வேண்டும். மாசியில் கமிட்டியார் விதைப்பண்ணைகளைச் சுற்றிவந்து கலப்புச் செடிகளைப் பிடுங்கச் செய்வர். சித்திரையில் அறுவடையானதும் காய்களை ஈரம் 8 சதவீதத்திற்கு மேற்படாதபடி உலர்த்தி, ஓட்டோடு மூட்டை கட்டி, யாருடைய நிலத்துக் காய் என்று சீட்டு எழுதிவைப்பர். விதைப்பதற்குச் சில நாட்கள் முன்பு மூட்டைக்கு மூட்டை மாதிரி எடுத்து உடைத்து, நூறு பருப்புகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பார்ப்பர். எழுபதுக்குக் குறைவாக முளைத்த மூட்டைகள் ஆட்டக் கடலையோடு விற்பனைக்குப் போகும். கணக்கு சபையின் முன் வைக்கப்பட்டவுடன் அவ்வருஷத்து விதைக் கமிட்டி கலைந்துவிடும்.