பெற்றோர் கூட்டத்துக்கு உபாத்தியாயர் செய்யவேண்டிய முன்னேற்பாடுகள்

கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபை கூடுமுன் காரியதரிசி செய்யும் ஏற்பாடுகளை அங்கத்தினர் யாவரும் அறிவர். நாளும் நேரமும் விஷயங்களும் குறித்த நோட்டீஸ் முன்னதாகவே அனுப்பப்படுகிறது. கணக்குகள் சரிபார்க்கப்பட்டுச் சபையில் வைக்கப்படுகின்றன. இவையின்றிக் கூடும் சபையில் வீண் வாக்குவாதமே மிஞ்சும். கிராமப் பாடசாலையில் உபாத்தியாயர் கூட்டும் பெற்றோர் கூட்டத்துக்கும் இந்நியாயம் பொருந்தும்.

6 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளுக்காக 2009-ம் வருஷத்தில் இயற்றப்பட்ட இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 24-வது பிரிவு, பெற்றோரை ஒழுங்காகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறமை, கல்வியில் முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்கு அறிவிப்பது உபாத்தியாயரின் கடமைகளுள் ஒன்றென விதிக்கிறது. அக்கடமை பயன்பட வேண்டுமாயின் நான்கு விஷயங்களில் முன்யோசனை அவசியம்.

முதலாவது, நேரம். கூலிக்குச் செல்லும் தாய் பகலில் பாடசாலைக்கு வந்தால் அன்றைய கூலியை இழக்க நேரும். பால் ஊற்றுவோருக்குக் காலையும் மாலையும் ஓய்வில்லை. நடவு, அறுப்புக் காலங்களில் ஒருவரும் வரவியலாது. ஆகையால் ஊர் வேலைகளை விசாரித்தறிந்தே நாள் குறிக்கவேண்டும். எழுத்தறியாத பெற்றோருக்கு நேரில் சொல்லியனுப்புதல் நலம்.

இரண்டாவது, பதிவேடு. "பையன் சரியாகப் படிப்பதில்லை" என்று பொதுப்படச் சொல்வதால் பயனில்லை. சென்ற மாதம் 22 வேலை நாட்களில் 9 நாள் வரவில்லை, அவற்றுள் 4 சந்தை நாட்கள் என்று கணக்கைக் காட்டினால், காரணம் தகப்பனாருக்கே விளங்கிவிடும். கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் தடுமாறுகிறான் என்பதைப் பிள்ளையின் நோட்டுப் புஸ்தகத்திலேயே காட்டவேண்டும்.

மூன்றாவது, பேச்சின் முறை. பிள்ளையிடம் உள்ள நல்ல அம்சம் ஒன்றை முதலில் சொல்லிப் பின்னரே குறையைச் சொல்வது உத்தமம். அக்குறையையும் தனியே சொல்லவேண்டும். ஊரார் முன் அவமானமடைந்த பெற்றோர் மறுமுறை வாரார். அன்றிரவு பிள்ளை அடிபடுதலும், பின்னர்ப் படிப்பே நின்றுவிடுதலும் நேரக்கூடும். வீட்டில் தம்பி தங்கையரைப் பார்ப்பவர் யார், படிக்க இடமுண்டா என்று வினவி, பெற்றோர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டல் உபாத்தியாயருக்கே லாபமாகும்.

நான்காவது, முடிவு. வீட்டார் செய்வது ஒன்று, பாடசாலை செய்வது ஒன்று என இரண்டே காரியங்களைத் தீர்மானித்து எழுதிக்கொள்ளவேண்டும். சந்தை நாளிலும் பிள்ளையை அனுப்புவது வீட்டாரின் பொறுப்பு. தவறிய பாடத்தைத் தனியே கற்பிப்பது உபாத்தியாயரின் பொறுப்பு. அடுத்த கூட்டத்தில் இவை நிறைவேறினவா என்று முதலில் பார்க்கவேண்டும்.

இதில் சங்க அங்கத்தினருக்கும் பங்குண்டு. மேற்படி சட்டத்தின் 21-வது பிரிவுப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்த அங்கத்தினரில் பாதிப்பேர் பெண்கள். அக்குழுவிலிருப்போர், ஊருக்கு ஏற்ற நேரத்தை உபாத்தியாயருக்குத் தெரிவிக்கலாம். வரத் தயங்குவோரை உடனழைத்துச் செல்லலாம்.

முதல் தவணை தவறியவுடன் விசாரித்தால் கடன் வசூலாகும். வருஷக்கணக்கில் விட்டால் பிணையாளிக்கும் நஷ்டம். பிள்ளையின் படிப்பும் அத்தகையதே என்பதை அங்கத்தினர் மனத்திற் கொள்வார்களாக.