அசையாத காற்றே போர்வை

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் எங்கள் கரையை விலத்திப் போய் மாமல்லபுரத்துக்குக் கிட்டக் கரையேறியது. ஆனால் அது இழுத்துவந்த மழையிலும் காற்றிலும் இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன. உறைபனி விழவில்லை. வெப்பமானி பூச்சியத்துக்குக் கிட்டவும் போகவில்லை. இருந்தும் வெட்டையில் நனைந்தபடி நின்ற சீவன்களால் தாங்க முடியவில்லை.

அவற்றைக் கொன்றது காற்றும் ஈரமும். உடம்பு தன்னைச் சுற்றி மெல்லிய காற்றுப் படை ஒன்றை எப்போதும் சூடாக்கி வைத்திருக்கிறது. அந்தப் படை அசையாமல் இருக்கும்வரை குளிர் உள்ளே வராது. காற்று வீசும்போது அது பறிபோகிறது. உடம்பு திரும்பவும் சூடாக்குகிறது, திரும்பவும் பறிபோகிறது. நனைந்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு, தோலில் இருந்து ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு 580 கலோரி அளவு வெப்பத்தை உடம்பு கொடுக்க வேண்டியிருக்கிறது.

மனிதனுக்கு மாட்டின் மயிர்கூட இல்லை. உடுப்பில்லாமல் சும்மா இருக்கும் ஒருவருக்குச் சுற்றியுள்ள காற்று 27, 28 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே, உடம்பு தன் சூட்டைக் காக்க மேலதிகமாக உழைக்கத் தொடங்கிவிடும். தை மாத விடியலில் யாழ்ப்பாணத்தில் 22, 23 பாகை. ஆகவே கோயில் கேணியில் முழுகி ஏறுபவரின் பல் கிட்டுவதில் அதிசயம் இல்லை. நாங்கள் எல்லோரும் வெப்ப நிலத்தில் பிறந்த இனத்தின் பிள்ளைகள். அப்படிப்பட்ட இனம் சைபீரியாவிலும் அல்ப்ஸ் மலையிலும் எப்படிக் குடியிருந்தது?

நெருப்பு என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். தென்னாபிரிக்காவின் வொண்டர்வேர்க் குகையில் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய நெருப்பின் தடயம் கிடைத்திருக்கிறது. நெருப்பின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனாலும் குளிரை வென்ற புகழில் பெரும்பங்கை அதற்குக் கொடுத்துவிடுகிறோம் என்பதே என் எண்ணம். வெட்டவெளியில் மூட்டிய தீ முன்பக்கத்தைச் சுடும், முதுகு விறைக்கும். வேட்டைக்குப் போகிறவனோடு அடுப்பு கூட வராது. அவனோடு கூட வருவது உடுப்பு.

உடுப்பு எப்போது வந்தது என்பதற்குச் சாட்சி பேன். தலையில் வாழும் பேனும் துணித் தையல்களில் ஒளிந்து வாழும் பேனும் எப்போது பிரிந்தன என்பதை மரபணுவை வைத்துக் கணித்த ஆய்வாளர்கள், 2011 இல் வெளியிட்ட ஆய்வில் 83,000 முதல் 170,000 ஆண்டுகளுக்கு முன் என்று சொன்னார்கள். துணி இல்லாமல் துணிப்பேன் இல்லை. பிறகு, சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன், சைபீரியாவில் காதுள்ள எலும்பு ஊசிகள் தோன்றுகின்றன. ஊசி வந்த பிறகு தோலை உடம்போடு ஒட்டத் தைக்கவும், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று படையாக அணியவும் வசதி கூடியது. படைகளுக்கு இடையில் காற்று சிறைப்பட்டது.

இதைக் கண்ணால் காண வேண்டுமானால் ஏட்ஸியைப் பார்க்க வேண்டும். 1991 செப்டெம்பரில், ஒஸ்திரியா, இத்தாலி எல்லையில் 3,210 மீற்றர் உயரத்தில், பனிக்குள் இருந்து வெளிப்பட்ட மனிதன். வயது ஏறக்குறைய 5,300 ஆண்டு. ஆட்டுத்தோல் மேலங்கி, ஆட்டுத்தோல் காலுறை, கரடித்தோல் தொப்பி. மேப்பிள் இலையில் கரித்துண்டு சுற்றிய மரப்பட்டைக் குடுவையும் இருந்தது. தணல் கொண்டுபோன பாத்திரம் அது. என்னைக் கூடுதலாகக் கவர்ந்தது அவனுடைய சப்பாத்து. அடி கரடித்தோல், மேல் மான்தோல். உள்ளே மரநாரில் முடிந்த ஒரு வலை. அந்த வலைக்கும் தோலுக்கும் இடையில் காய்ந்த புல்லைத் திணித்திருக்கிறான். புல்லுக்கு என்று ஒரு சூடும் கிடையாது. ஆயிரம் தாள்களுக்கு இடையில் காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை.

எங்கள் பக்கத்திலும் அதே வேலையைப் பனை செய்தது. பழைய ஓலை வீட்டின் கூரையில் படைபடையாக வேய்ந்த பனையோலைக்குள் காற்று அடைபட்டுக் கிடக்கும். கொங்கிறீற்றோடு ஒப்பிட்டால் ஓலையும் வைக்கோலும் பத்து மடங்குக்கு மேல் மெதுவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். வெயிலுக்குக் கட்டிய கூரை என்றுதான் அதைச் சொல்வோம், உண்மை. ஆனால் அதே கூரை மார்கழி இரவில் உள்ளே இருக்கும் சூட்டையும் வானத்துக்கு விடாது. குனிந்து நுழையவேண்டிய தாழ்வாரம் சாரலை மண்சுவரில் படவிடாது. "நிலம் குளிருது, தடுக்கைப் போட்டிட்டு இரு பிள்ளை" என்று ஆச்சிமார் சொல்வதும் பௌதிகம்தான். சாணம் மெழுகிய நிலத்துக்கும் உடம்புக்கும் நடுவில் பின்னிய ஓலை இரண்டு படை வந்துவிடுகிறது.

வேலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டிய வேலியை மறைப்பு என்று மட்டுமே பலர் எழுதுகிறார்கள். முழுதாக அடைத்த மதிலில் மோதும் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழும். கொஞ்சம் கசியவிடும் தடுப்போ அந்தச் சுழற்சியைக் குறைத்து, கூடுதலான தூரத்துக்குக் காற்றைத் தணிக்கும். காற்றுத்தடை மரவரிசைகளை அமைக்கிற விவசாய விஞ்ஞானிகள் உயரத்தின் பத்து மடங்கு தூரம்வரை நல்ல பாதுகாப்பை எதிர்பார்க்கிறார்கள். மலையே இல்லாத குடாநாட்டில் வாடைக்குக் குறுக்கே நின்றவை இந்த வேலிகளும் பனங்கூடல்களும்தான். மதில்களுக்காக வேலிகளைப் பிடுங்கும்போது இந்தக் கணக்கையும் பார்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

நெருப்பை அளவாக வைத்துக்கொள்வதும் எங்களுக்குப் பழகிய ஒன்று. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலம் ஏறிய இடையர்கள் கைகளைத் தீயில் காட்டிக் குளிர் காய்கிறார்கள். ஊருக்குள்ளோ காற்றுக்குக் கதவடைத்து, அகன்ற வாய்த் தடவுகளில் (கணப்புச் சட்டிகளில்) நெருப்பு வைத்து இருக்கிறார்கள். தொங்கும் விசிறியில் சிலந்தி வலை படிகிறது. முதலில் அடைப்பு, பிறகு நெருப்பு. நீலகிரியின் தோடர் குடிசையிலும் இதுதான் முறை. அரைப் பீப்பாய் வடிவம், தடித்த புல் வேய்ச்சல், யன்னல் கிடையாது. தவழ்ந்து நுழையும் குட்டி வாசலுக்கு மேல் சூடான காற்று தங்கிவிடும். வட துருவத்து இனுயிற் மக்களின் பனிவீட்டு வாசலும் படுக்கை மேடையைவிடத் தாழ்வானது.

நோர்வேயின் வடகோடியில் பின்மார்க் என்று ஒரு பிரதேசம். அங்குள்ள மீன் தொழிற்சாலைகளில் எண்பதுகளில் இருந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் வேலை செய்தார்கள். யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் பாசையூரிலும் வெறுங்காலோடு கடலில் இறங்கும் சமூகத்துக்கு அந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும்! அந்த நிலத்தின் ஆதிக்குடிகளான சாமி மக்கள், மேஸ் என்பது அறியாமல் நூற்றாண்டுகளாகக் கலைமான்தோல் சப்பாத்துக்குள் ஒருவகைக் கோரைப்புல்லைத் திணித்துப் பனியில் நடந்தவர்கள். ஏட்ஸியின் அதே உபாயம். கோடையில் புல்லை அறுத்து, அடித்து மெதுமையாக்கி, காயவைத்து, முறுக்கிச் சேமிப்பார்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு இரவும் புல்லைச் சப்பாத்தில் இருந்து உருவி உலர்த்துவது. பாதம் வியர்க்கும். வியர்வை ஊறிய புல் காற்றைப் பிடித்து வைக்காது, மறுநாள் விரல் போய்விடும்.

இந்த மாரியில் கனடாவுக்கோ நோர்வேக்கோ புதிதாகப் போகிறவர்கள் பெட்டிக்குள் பருத்தி மேஸ்களை அடுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காய நேரமெடுக்கும். கம்பளி ஈரமானாலும் உள்ளே ஓரளவு காற்றைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு சோடி கம்பளி மேஸ், விரல் அசைய இடம் உள்ள சப்பாத்து, இரவில் மேஸைக் கழற்றிக் காயப்போடுவது: பயணம் போகும் பிள்ளைக்குச் சொல்லியனுப்ப வேண்டியவை இவை.