கல்யாண வீடியோவில் ஓடும் கறுப்புப் பட்டை

அஸ்தினாபுரத்தில் ஏதாவது ஒரு மண்டபத்துக்குள் முகூர்த்தத்தைச் செல்போனில் எடுத்துப் பாருங்கள். சில சமயம் படத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் நெளிந்து நகரும். போன் மேல் குறையில்லை, காரணம் மின்சாரம்.

நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஆகவே பழைய சோக்கு வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண் ஏமாந்துவிடும், கேமரா ஏமாறாது. போன்கள் வழக்கமாக எடுப்பது நொடிக்கு 30 பிரேம். 60 சுற்று மின்சாரம் உள்ள அமெரிக்காவின் தொலைக்காட்சி வழக்கம் அது; நம் 100 மினுக்கலோடு பொருந்தாது. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சிக்கு 25தான் கணக்கு.

ஐபோனில் கேமரா அமைப்புக்குள் ‘ஷோ பால் ஃபார்மட்ஸ்’ என்பதை இயக்கினால் 25 கிடைக்கும். ஆனால் பிரேம் எண்ணைவிட ஷட்டர்தான் முக்கியம் என்பேன். புரோ மோட் உள்ள போனில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்துங்கள். ஒவ்வொரு பிரேமிலும் முழு மினுக்கல்கள் அடங்கிவிடும். பிறகு 24, 25, 30 எதுவானாலும் பட்டை வராது.

தாலி கட்டுவதை ஸ்லோமோஷனில் எடுக்கும் ஆசைதான் சிக்கல். 120 பிரேமில் ஒரு பிரேமுக்கு அதிகபட்சம் 1/120 நொடி. ஒரு மினுக்கலுக்கே போதாது. ஸ்லோமோஷனை வாசலில், பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.