செப்டம்பர் 2 ஆன மரபணு

மனித மரபணுக்களில் ஒன்றுக்கு 'செப்ட்2' என்று பெயர். ஆய்வுக்கூட மென்பொருள் ஏற்றுமதி செய்த அட்டவணையை எக்செலில் திறந்தால், அந்தக் கட்டத்தில் 'செப்டம்பர் 2' என்று இருக்கும். 'மார்ச்1' மரபணுவுக்கும் இதே கதிதான். சரி, அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் பெயர் திரும்புமா? திரும்பாது. 1900-இலிருந்து எண்ணப்பட்ட நாள்கணக்கு, ஓர் ஐந்திலக்க எண்ணாக வந்து நிற்கும். எக்செல் அதைத்தான் சேமித்திருக்கிறது. மூலப்பெயர் போனது போனதுதான்.

2004-லேயே இந்தச் சிக்கல் ஆய்விதழில் வெளியானது. யாரும் திருந்தியதாகத் தெரியவில்லை. எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளை அலசிய 2016-ஆம் ஆண்டு ஆய்வு, சுமார் ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருப்பதாகச் சொன்னது. கடைசியில் மென்பொருள் இறங்கி வரவில்லை, அறிவியல்தான் இறங்கி வந்தது. மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, 'செப்டின்2', 'மார்ச்எஃப்1' என்ற புதுப்பெயர்களை விளக்கியது. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-இல்தான் பரவலாகக் கொடுத்தது!

ஆனால் பழி முழுவதையும் எக்செல் தலையில் கட்டுவது நியாயமில்லை. இப்படி ஏற்றுமதியாகும் சிஎஸ்வி கோப்பில் இருப்பது வெறும் எழுத்தும் காற்புள்ளியும். எந்த நெடுவரிசை தேதி, எது எண், எது பெயர் என்று அதில் குறிக்க இடமே கிடையாது. மேற்கோள் குறிக்குள் போட்டாலும் எக்செல் அதை உரித்துவிட்டுத் தன் ஊகத்தைத்தான் நம்பும்.

நம் ஊர் அலுவலகங்களில் அடிபடுவது வங்கிக் கணக்கு எண். எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைத் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகவே படித்தால் கடைசி இலக்கம் சைபராகிவிடும். முன்னால் சைபர் இருந்தால் அதுவும் காணாமல் போகும். 12 இலக்க ஆதார் எண்ணுக்கு அந்த அளவு சேதமில்லை. இ, கூட்டல் குறி, 11 என்று விசித்திரமாகத் தெரியுமே தவிர, நெடுவரிசையின் வடிவத்தை மாற்றினால் முழுதாக வந்துவிடும்.

கூட்டவோ கழிக்கவோ போகாத எண் எதுவானாலும் அது எழுத்துதான். இதைத் தீர்மானிக்க வேண்டியவர் கோப்பைத் திறப்பவர் அல்ல, ஏற்றுமதி நிரலை எழுதுபவர். எக்செலின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் ஒவ்வொரு கட்டத்தின் வகையையும் சேர்த்தே எழுதலாம். சிஎஸ்விதான் கையில் கிடைக்கிறது என்றால், கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். எக்செலின் 'டேட்டா' பட்டியல் வழியாக உள்ளே கொண்டுவந்து, கணக்கு எண் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்த பிறகே ஏற்றுங்கள்.