மூக்குப்பொடி மருந்தும் மூச்சுத் திணறலும்

நீரிழிவு என்றவுடன் நம் இல்லங்களில் சர்க்கரை நோயே நினைவுக்கு வரும். சர்க்கரையோடு எவ்விதத் தொடர்புமற்ற வேறொரு நீரிழிவும் உண்டு. அது அரிதானது.

ஏரிப் பாசனத்தை அறிந்த ஏனாத்தூர், உத்திரமேரூர் வட்டாரக் குடும்பங்களுக்கு மதகின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் வாசோப்பிரெசின் என்னும் ஹார்மோன், நம் உடலின் மதகுக் காவலன். அது குன்றினால் சிறுநீரகம் நீரைத் தேக்கிவைக்க இயலாது. நாள்தோறும் பல லிட்டர் நீர் கழியும், தாகமோ அடங்காது.

இச்சுரப்பியின் சாறு இந்நோயைத் தணிக்கும் என்று 1913-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தனர். ஆனால் அதை விழுங்கினால் வயிற்றிலேயே சிதைந்துவிடும். ஆகவே மாடு, பன்றி ஆகியவற்றின் சுரப்பியை உலர்த்திப் பொடியாக்கி, மூக்குப்பொடி போல் உறிஞ்சச் செய்தனர். பல ஆண்டுகள் நோயாளர் பலர் அதனால் நலம் பெற்றனர் என்பது உண்மையே.

எனினும் சிலருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் தோன்றின. 1966, 1967-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து மருத்துவர்கள் இதன் காரணத்தை விளக்கினர். பொடியிலிருந்த விலங்குப் புரதத்தை உடல் பகையாகக் கருதி எதிர்த்தது. அப்போரில் புண்பட்டது நுரையீரல். எக்ஸ்ரே படத்தில் தினை மணிகளை இறைத்தாற்போல் நிழல்கள் தெரிந்தன. நம் நாட்டில் அத்தகைய படத்தைக் கண்டால் முதலில் காசநோய் என்றே ஐயுறுவர் அன்றோ!

அப்பொடி இன்று வழக்கொழிந்துவிட்டது. 1967-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவான டெஸ்மோபிரெசின் என்னும் செயற்கை மருந்தே இப்போது மாத்திரையாகவும் மூக்கில் தெளிக்கும் மருந்தாகவும் தரப்படுகிறது. அதிலும் அளவு பேண வேண்டும். மருந்தும் நீரும் மிகுந்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து ஆபத்து நேரும்.

பொடி மறைந்தாலும் அது கற்பித்த பாடம் மறையவில்லை. பூஞ்சை பிடித்த வைக்கோலின் தூசி, புறா எச்சத்தின் துகள், தூய்மை செய்யாத ஏர்கூலரின் காற்று ஆகியனவும் இதே வகை நுரையீரல் நோயை விளைவிக்கும். இந்தியாவில் நுரையீரல் திசு நோயுற்ற 1,084 பேரை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட அறிக்கையில், ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு இவ்வொவ்வாமையே காரணமெனக் கண்டனர். காரணப் பொருளை விரைந்து விலக்கினால் பெரும்பாலும் குணம் காணலாம். காலம் தாழ்த்தினால் நுரையீரலில் ஆறாத தழும்பு விழும்.

ஆகவே, அன்பார்ந்த குடும்பத்தோரே, இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். சளிப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். உட்கொள்ளும் மருந்து, உறிஞ்சும் பொடி, செய்யும் தொழில், வளர்க்கும் பறவை அனைத்தையும் மறைக்காமல் கூறுங்கள். மருந்தின்மீது ஐயம் எழுந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல் அவரைக் கேளுங்கள். அடங்காத் தாகமுடையவரை ‘தண்ணீர் குடிக்காதே’ என்று தடுப்பதும் பெருந்தீங்கு.

சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் இறைவனின் கொடையெனப் போற்றுகிறது. கொடையை நன்றியோடு ஏற்போம், விழிப்போடும் பயன்படுத்துவோம்.